இறக்குமதி குறைந்தால் மட்டும் போதுமா?

(மரம் வளர்க்கும் விவசாயிகளின் கோரிக்கை ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரை)



சவுக்கு, தைலமரம், மலைவேம்பு போட்டவங்க இங்கே நிறைய பேர் வந்திருக்கீங்க. "வெளிநாட்டு பிளைவுட்டை நிறுத்தினா போதும், நம்ம மரத்துக்கு விலை தானா வந்துரும்" என்று நம்மில் பலர் பேசுகிறோம். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வேண்டும்தான். அது மட்டும் போதுமா? இரண்டு நாட்டுக் கதையைப் பாருங்கள்.

முதலில் ஜப்பான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே மலைச்சரிவெல்லாம் 'சுகி' என்ற மரத்தை நட்டார்கள். அது முற்றுவதற்குள், 1960-களில், அரசாங்கம் மர இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் காட்டுக் கட்டைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 1985-ல் இந்தோனேசியா கட்டை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அப்புறம் கட்டைக்குப் பதிலாக பிளைவுட்டே வந்து குவிந்தது. 2002-ல் ஜப்பான் பயன்படுத்திய மரத்தில் 100-க்கு 19 பங்குகூட சொந்த மரம் இல்லை.

பிறகு காற்று திரும்பியது. 2007-ல் ரஷ்யா கட்டை ஏற்றுமதிக்கு வரியைக் கூட்டியது. பிளைவுட் ஆலைகள் உள்ளூர் சுகியை நாடின. இறக்குமதி குறைந்தது. 2020-ல் சொந்த மரத்தின் பங்கு 100-க்கு 40-ஐத் தாண்டியது.

சரி, மரம் வளர்த்தவனுக்கு என்ன கிடைச்சது? நிற்கிற சுகி மரத்துக்கு 1980-ல் கன மீட்டருக்கு 22,000 யென்னுக்கு மேல் விலை. 2010-ல் 3,000 யென்கூட இல்லை! 2020-லும் ஏறக்குறைய அதே நிலைதான். ஆலை ஒரு விலை சொல்லும். அதில் வெட்டுக்கூலி, லாரி வாடகை எல்லாம் போக மிச்சம்தான் மரத்துக்காரனுக்கு.

அடுத்து சீனா. 1990-களில் அதுவும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து பிளைவுட் வாங்கிக் குவித்த நாடு. 2000-களின் நடுவில் உலகத்துக்கே விற்கிற நாடாகிவிட்டது. மேல் தகட்டுக்கு வெளிநாட்டுக் கட்டை வாங்கினாலும், உள்ளே வைப்பது பாப்லர். ஷான்டாங், ஜியாங்சு மாகாண விவசாயிகள் வயலோரத்திலும் வாய்க்கால் கரையிலும் வளர்த்த மரம் அது. மரத்தைச் சீவுகிற எந்திரம் கிராமத்துக்கே வந்தது. சீவிய தகட்டை ஊரிலேயே வெயிலில் காயவைத்து ஆலைக்கு அனுப்பினார்கள். சீவுற கூலியும் காயவைக்கிற கூலியும் ஊரிலேயே தங்கியது.

இப்போ நம்ம கதைக்கு வாங்க. 1996-ல் காட்டு மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. அதன்பின் நம் நாட்டு பிளைவுட் ஆலைகள் பெரும்பாலும் விவசாயி வளர்த்த மரத்தை நம்பித்தான் ஓடுகின்றன. மரம் நம்முடையது. எடை போடுவது யார்? விலை சொல்வது யார்? நாம் இல்லையே!

அதனால்தான் கேட்கிறோம்:

* விவசாயி வளர்த்த மரத்துக்கு அரசு குறைந்தபட்ச விலை அறிவிக்க வேண்டும்.
* விவசாயி கண் முன்னே, பொது எடைமேடையில் எடை போட வேண்டும்.
* மரம் சீவும் கூடங்களைக் கூட்டுறவு முறையில், கடனுதவியோடு கிராமங்களில் அமைக்க வேண்டும்.

கப்பலை மட்டும் தடுத்தால் ஆலைக்காரர் பிழைப்பார். எடையும் விலையும் நம்ம கைக்கு வந்தால்தான் விவசாயி பிழைப்பான்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!