உதிரிபாகம்தானே என்று வாங்காதீங்க

மதுரை, மேலூர், உசிலம்பட்டி பக்கம் பயிர்க்காவலுக்கு உரிமத்தோடு துப்பாக்கி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 'வெறும் உதிரிபாகம்தானே, யார் கேட்கப்போறா?'ன்னு நினைக்காதீங்க. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்றால் அதன் பாகமும் சேர்த்திதான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கத் தனி உரிமம் வேண்டும். உள்ளூர் கூரியரில் வந்துவிட்டால் அது உள்நாட்டுப் பொருள் ஆகிவிடாது!

தயாரித்தவர் பெயர், எண் போன்ற அடையாளம் பொறிக்காத துப்பாக்கியை விற்கவே கூடாது என்கிறது 8-ஆம் பிரிவு. அப்படியொன்று உங்க கையில் இருந்தால், அடையாளத்தை அழித்தது நீங்கதான் என்றே சட்டம் முதலில் கருதும். இல்லையென்று நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான். எண் உள்ள பாகத்தைக் கழற்றிவிட்டு, எண் இல்லாததை மாட்டினாலும் இதே வம்புதான்.

அதனால் உரிமம் பெற்ற கடையில், தயாரிப்பாளர் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்க. சந்தேகமா? மாநகருக்குள் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே மாவட்ட ஆட்சியர் அலுவலகம். பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க.