நெய்வேலிக் கரியும் நம் வீட்டு விளக்கும்

(பரிசளிப்பு விழாவில் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



என் கையில் இருப்பது என்ன என்று முன் வரிசையில் ஒரு தம்பி கேட்டான். "மண்ணாங்கட்டியா ஐயா?" என்றான். மண்ணாங்கட்டி இல்லை தம்பி. இது பழுப்பு நிலக்கரி, நெய்வேலியிலிருந்து கொண்டு வந்தது. இதைப் பற்றித்தான் நாலு வார்த்தை பேசப் போகிறேன்.

நான் வளர்ந்த தோட்டத்தில் சாயங்காலம் ஜெனரேட்டரைப் போடுவார்கள். இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுவார்கள். அதற்குள் வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டும். முடியவில்லை என்றால் மண்ணெண்ணெய் விளக்குத்தான். அந்த ஜெனரேட்டர் கொட்டகையை எட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இயந்திரத்தில் ஆசை வந்தது. பின்னாளில் ஆலையொன்றில் பாய்லர் வேலைக்குப் போய், அதிலேயே ஓய்வும் பெற்றேன்.

மின்சாரம் எப்படி வருகிறது? அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கும்போது கெண்டியின் மூடி ஆடுகிறது அல்லவா? அந்த ஆவிதான் சூட்சுமம். கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியின் அழுத்தத்தால் பெரிய சுழலியைச் சுற்ற வைத்து, அதோடு இணைந்த ஜெனரேட்டரில் மின்சாரம் எடுக்கிறார்கள். பழைய நிலையங்களில் கரியின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகும். மற்றதெல்லாம் புகைக்கூண்டிலும் குளிர்விக்கும் தண்ணீரிலும் போய்விடும்.

இனி நெய்வேலிக்கு வருவோம். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் அது ஒரு கிராமமாக இருந்தது. இங்கே இருப்பவர்களில் பலருடைய தாத்தா பாட்டி ஊர் அந்தப் பக்கம்தான். 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. வேறொருவராக இருந்தால் "தண்ணீர் கெட்டுப் போச்சு" என்று மூடிவிட்டுப் போயிருப்பார். அவர் அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். அதன் பிறகு ஆராய்ச்சி நடந்து, 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். அப்போது காமராசர் முதலமைச்சர்.

தோண்டினால் கரி கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். மேலே பல ஆள் ஆழத்துக்கு மண். கீழே ஊற்றுத் தண்ணீர் அழுத்தத்தோடு முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தத் தண்ணீரை இரவு பகல் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பொங்கிக் கிளம்பிவிடும். இத்தனைக்கும் பிறகு கிடைக்கிற கரியில் பாதி எடை ஈரம்தான்! வெகுதூரம் ஏற்றிக்கொண்டு போனால் கட்டுப்படியாகாது. அதனால்தான் சுரங்கத்தின் வாசலிலேயே மின்நிலையத்தைக் கட்டினார்கள். சோவியத் நாட்டின் உதவியோடு 1962இல் 50 மெகாவாட் இயந்திரம் முதலில் ஓடியது. 1970இல் மொத்தம் 600 மெகாவாட் ஆயிற்று. சென்னை ராஜதானி முழுக்க மின்சாரப் பஞ்சம் கண்ட நாடு அது. பம்பு செட்டு ஓடியது, நெல் விளைந்தது.

ஆனால் பெரியோர்களே, கரி இருந்த இடத்தில் மனிதர்களும் இருந்தார்கள். கிராமம் கிராமமாக வீட்டையும் காட்டையும் விட்டுப் பெயர்ந்து போனார்கள். நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கேட்டார்கள். படித்திருந்தவன் இயந்திரத்துக்கு முன்னால் நின்றான். படிக்காதவன் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குச் சேர்ந்தான். நிரந்தரம் கேட்டு ஆண்டுக் கணக்கில் போராடினான். 2020 ஜூலை 1ஆம் தேதி இரண்டாம் மின்நிலையத்தில் பாய்லர் வெடித்துப் பல தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் ஒப்பந்தக் கூலிகளும் உண்டு. நான் பாய்லர் பக்கத்தில் வேலை செய்தவன். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டு மூட்டை கட்டியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் கரிக்கதை உண்டு. சிலாங்கூர் பத்து ஆராங்கில் 1915 முதல் 1960 வரை கரி வெட்டினார்கள். சீனரோடு நம்மவரும் அங்கே உழைத்தார்கள். 1937இல் பெரிய வேலைநிறுத்தமே நடந்தது. ரயிலும் ஈயச் சுரங்கமும் மின்நிலையமும் அந்தக் கரியில் ஓடின. எண்ணெய் வந்தது, சுரங்கம் மூடப்பட்டது. இப்போது பேராக் மஞ்சோங்கில் கடலோரம் பெரிய நிலக்கரி மின்நிலையம் நிற்கிறது. 2015இல் அங்கே ஓடத் தொடங்கிய ஓர் இயந்திரம் மட்டும் ஏறக்குறைய 1,000 மெகாவாட். நெய்வேலியின் முதல் இயந்திரம் போல இருபது! கரி மட்டும் நம்முடையதல்ல. இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வருகிறது. புகையும் சாம்பலும் வேறு. ஜுரு ஆற்றங்கரையில் வாழும் நமக்குத் தொழிற்சாலைக் கழிவு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இனிப் புதிதாக நிலக்கரி மின்நிலையம் கட்டுவதில்லை என்று 2021இல் அரசாங்கம் அறிவித்தது. நெய்வேலியின் முதல் நிலையமும் 2020இல் ஓய்வு பெற்றுவிட்டது, என்னைப் போல.

கரி போனால் சூரிய ஒளி, நீர், இன்னும் என்னென்னவோ வரும். அவற்றுக்கும் வயர்மேன் வேண்டும், ஃபிட்டர் வேண்டும், பொறியாளர் வேண்டும். பெற்றோர்களே, ஆறாம் ஆண்டு முடிந்ததும் "படிச்சது போதும், வேலைக்குப் போ" என்று சொல்லிவிடாதீர்கள். கணக்கிலும் அறிவியலிலும் நாட்டமுள்ள பிள்ளையைத் தொழில்நுட்பப் பள்ளிக்கு அனுப்புங்கள். பெண் பிள்ளையானாலும் அனுப்புங்கள்.

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்தக் கரியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன். பரிசு வாங்கியதும் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பாருங்கள். வெள்ளைச் சட்டை கவனம், பொடி உதிரும். அப்புறம் அம்மா என்னைத்தான் ஏசுவார்.