சாங்கிச் சிறையில் செய்திக்குக் கொடுத்த விலை

(சாங்கியைக் காண வந்திருந்த தோட்டத் தொழிலாளர் குழுவினரிடையே ஆற்றிய உரை)



இன்று காலை நாம் கண்ட நெடுமதிலும் இரண்டு காவற்கோபுரங்களும் உங்கள் நினைவில் இருக்கும். பழைய சாங்கிச் சிறையில் இன்று எஞ்சி நிற்பவை அவையும் வாயிற்கதவுமேயாகும். 1936இல் ஏறத்தாழ அறுநூறு கைதிகளுக்கெனக் கட்டி முடித்த சிறை அது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமான பின்னர், மூவாயிரம் பேர் வரையில் அதனுள் அடைக்கப்பட்டனர். அவர்கள் படைவீரர்கள் அல்லர். அலுவலர்கள், மருத்துவர்கள், பாதிரிமார், பெண்கள், குழந்தைகள்.

சோற்றுப் பசிக்கு அடுத்தபடியாக அவர்களை வாட்டியது செய்திப் பசி. போர் எந்நிலையில் இருக்கிறது, ஊர் திரும்புவோமா என்று அறிய வழியில்லை. நகரத்து நாளேடும் வானொலியும் ஆள்வோர் விரும்பியதையே கூறின. சிற்றலை வானொலியில் அயல்நாட்டுச் செய்தி கேட்பது பெருங்குற்றம். எனினும் சிலர் வானொலிப் பெட்டிகளை மறைத்து வைத்து, லண்டன் பி.பி.சி. செய்தியைக் கேட்டுப் பிறருக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்தனர். வெளியிலிருந்து உதவியோரும் உண்டு. மருத்துவமனை ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்திய எலிசபெத் சோய் அம்மையாரும் அவர் கணவரும் கைதிகளுக்குப் பணமும் மருந்தும் கடிதமும் மட்டுமன்றி, வானொலிக்கு வேண்டிய உறுப்புகளையும் சேர்ப்பித்தனர்.

இனி நான் சொல்லப்போவதைச் சற்று ஊன்றிக் கேளுங்கள்.

1943 செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, மூன்று சிறு தோணிகளில் வந்த ஆறு நேசநாட்டு வீரர்கள், துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் காந்தத்தால் ஒட்டும் வெடிகளைப் பொருத்திவிட்டு மறைந்தனர். கப்பல்கள் வெடித்தன. இது யார் வேலை என்று ஜப்பானிய இராணுவப் போலீசான கெம்பித்தாய்க்குத் தெரியவில்லை. சாங்கியில் வானொலி இருப்பதாக அவர்கள் காதுக்கு எட்டியிருந்தது, அது மெய். வானொலி இருந்தால் செய்தி அனுப்பும் கருவியும் இருக்கவேண்டும் என்று எண்ணினர், அது ஊகம். கருவி இருந்தால் கப்பல் தாக்குதலைச் சிறைக்குள்ளிருந்தே திட்டமிட்டிருக்கவேண்டும் என்றனர்; அது ஊகத்தின் மேல் ஏற்றிய ஊகம். உண்மையில் சிறையிலிருந்த ஒருவருக்கும் அத்தாக்குதலில் பங்கு இல்லை.

அக்டோபர் 10ஆம் நாள் காலை, கைதிகளை முற்றத்தில் நிறுத்திவிட்டு அறை அறையாகச் சோதித்தனர். பத்தாம் மாதம் பத்தாம் நாள் ஆதலால் அதனை ‘இரட்டைப் பத்து’ நிகழ்ச்சி என்பர். வானொலிப் பெட்டிகள் அகப்பட்டன. 57 பேர் கொண்டுசெல்லப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். எலிசபெத் அம்மையாரும் ஏறத்தாழ இருநூறு நாள்கள் கெம்பித்தாயின் பிடியில் வதைபட்டார். போருக்குப் பின்னர், 1946இல், இக்கொடுமைக்காக 21 பேர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, எண்மருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது.

ஆள்பலமும் ஆயுதபலமும் படைத்தோரே ஒரு துண்டு மெய்யோடு இரண்டு துண்டு ஊகத்தை ஒட்டி, அதனை உண்மையென நம்பியதை எண்ணிப் பாருங்கள். நம் லயத்தில் பரவும் வதந்தியும் இதே முறையில்தான் பின்னப்படுகிறது. முழுப்பொய் நெடுந்தொலைவு செல்லாது.

நம்மவர் கதைக்கும் வருவோம். அதே அக்டோபர் 21ஆம் நாள், இதே சிங்கப்பூரில் கேத்தே கட்டடத்தில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக அரசினைப் பிரகடனம் செய்தார். பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு அவர் பின் சென்ற தோட்டத் தமிழர் பல்லாயிரவர். சாங்கிக் கைதிகள் எந்தப் பக்கத்து வெற்றிச் செய்திக்காக ஏங்கினார்களோ, அதற்கு எதிர்ப்பக்கத்து வெற்றிச் செய்திக்காக நம் பாட்டன்மார் ஏங்கினர். 1945 ஆகஸ்ட் 18ஆம் நாள் தைப்பேயில் நடந்த விமான விபத்தில் நேதாஜி மறைந்தார் என்ற செய்தி வந்தபோது, அதை நம்பாதவர்கள் பலர். என் சிறுவயதில், பெரட்டுக் களத்தில் அதைப் பற்றி வாதாடிப் பேச்சுவார்த்தை முறிந்த இரு சம்பந்திகளை நான் அறிவேன்! அவர்களைக் குறை சொல்லவும் இயலாது. 1956இல் ஷா நவாஸ் குழுவின் பெரும்பான்மையோரும், 1974இல் கோஸ்லா ஆணையமும் விபத்தை மெய்யென்றனர். 2005இல் அறிக்கை அளித்த முகர்ஜி ஆணையம் அதை மறுத்தது. இந்திய அரசு அம்மறுப்பை ஏற்கவில்லை.

இன்று உலகச் செய்தி முழுவதும் கைப்பேசியில் நம் மடிக்கே வந்து விழுகிறது. கேட்டதற்காக எவரும் நம்மைச் சிறையிலிடுவதில்லை. ஆனால் அன்று வானொலி கேட்டவர் ‘லண்டன் சொன்னது’ என்று மூலத்தைச் சொல்ல முடிந்தது. நமக்கு வருவதிலோ பாதிக்கு அனுப்பியவர் பெயர் உண்டு, சொன்னவர் பெயர் இல்லை.

நேதாஜியைப் பற்றி உங்களிடையே இன்றும் இரு கட்சி உண்டு என்பதைக் காலையில் பேருந்திலேயே கண்டுகொண்டேன். தேநீர் அருந்தியபின் இரு தரப்பாரும் இங்கேயே பேசலாம், தடையில்லை. எது படித்தது, எது கேட்டது, எது தம் ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிட்டு ஒவ்வொருவரும் தொடங்குங்கள். மூத்தவர் முதலில் பேசட்டும்.