சிறுவயதிற் பயந்த கதைகள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)

சிறுவயதில் வாசித்த நூல்களை முதிர்ந்த வயதில் மீண்டும் வாசிப்பது பற்றி நமது எழுத்தாளர் பலர் பேசியிருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றி அவ்வாறு பேசுவது குறைவு. பார்த்துவிட்டு மறந்துவிடும் பொருள் என்றே தொலைக்காட்சியை நாம் கருதிவந்திருக்கிறோம். ஆனால், சிறுவயதில் நம்மைப் பயப்படுத்திய ஒரு தொடரை அப்படி மறந்துவிட முடிவதில்லை. கதை மறந்துபோகும், பயம் தங்கிவிடும். அத்தகைய ஒரு தொடரை அண்மையில் முழுவதுமாக மீண்டும் பார்த்தேன். அது எழுப்பிய எண்ணங்கள் சிலவற்றை இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தத் தொடரின் பெயர் 'த ருவைலைற் சோன்'. தமிழில் 'அந்தி வலயம்' எனலாம். அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் 1959 ஒக்டோபர் 2ஆம் திகதி ஆரம்பித்து 1964 ஜூன் வரை ஐந்து பருவங்களாக ஒளிபரப்பாகியது. மொத்தம் 156 கதைகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கதை. பெரும்பாலானவை அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். எல்லாமே கறுப்பு வெள்ளை. தொடரை உருவாக்கியவர் ரொட் சேர்லிங். 156இல் 92 கதைகளுக்கு அவரே பிரதி எழுதினார். கதையைத் தொடக்கிவைப்பதும் முடித்துவைப்பதும் அவருடைய குரல்தான்.

உறவினர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வீடியோ கசட்டுகளில், 1982ஆம் ஆண்டு, கொழும்பில் வைத்து இவற்றிற் சிலவற்றைப் பார்த்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. ஆங்கிலம் பாதிதான் விளங்கியது. பயப்படுவதற்கு அது போதுமாயிருந்தது. தொடக்க இசையில் திரும்பத் திரும்ப வரும் அந்த நான்கு சுரங்கள் கேட்டதும், நானும் தங்கையும் கால்களைக் கதிரையின் மேல் தூக்கி வைத்துக்கொள்வோம்.

என்னை அதிகம் பயப்படுத்திய கதை விமானக் கதை. ரிச்சர்ட் மதிசன் எழுதி 1963 ஒக்டோபரில் ஒளிபரப்பானது. இரவு, மழை, இருபதாயிரம் அடி உயரம். யன்னலருகே இருக்கும் பயணி வெளியே பார்க்கிறான். விமானத்தின் இறக்கையில் ஒரு விகார உருவம் நிற்கிறது. மற்றவர்களை அழைத்துக் காட்டும்போதெல்லாம் அது மறைந்துவிடுகிறது. பயணி யன்னற் திரையை விலக்கியதும் அந்த முகம் கண்ணாடியோடு ஒட்டி நிற்கும் காட்சி ஒன்று உண்டு. அதைப் பார்த்த பின் பல இரவுகள் யன்னலுக்கு முதுகைக் காட்டியே படுத்தேன்.

இப்போது பார்க்கையில் அது கம்பளி உடுப்புக்குள் இருக்கும் ஒரு மனிதர் என்பது வெளிப்படையாகவே தெரிகிறது. எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஆனால், பத்து வயதில் நான் கவனியாத ஒன்றை இம்முறை கவனித்தேன். அந்தப் பயணி மனநோய் விடுதியில் ஆறு மாதம் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவன். அவன் சொல்வதைக் கேட்கும் மனைவியின் முகத்தில் இரக்கம் தெரிகிறது. விமானப் பணியாளர் ஒருவர், தாங்களும் அந்த உருவத்தைக் கண்டதாகப் பொய் சொல்லி அவனைச் சமாதானப்படுத்தப் பார்க்கிறார். தன்னை ஏமாற்றுகிறார்கள் என்பதை அவன் விளங்கிக்கொள்ளும் அந்தக் கணம்தான் இப்போது என்னைப் பயப்படுத்தியது. ஒருமுறை நோயாளி என்று பெயர் எடுத்தவனுடைய கண்ணை எவரும் நம்பப்போவதில்லை. அவன் காண்பது உண்மையாக இருந்தாலும்கூட.

இன்னொன்று, பேசும் பாவைக் கதை. 1963 நவம்பரில் வந்தது. சிறுமி ஒருத்திக்குத் தாய் ஒரு பாவை வாங்கிக் கொடுக்கிறாள். தாயின் இரண்டாவது கணவனுக்கு அது பிடிக்கவில்லை. சிறுமியிடம் அன்பாகப் பேசும் பாவை, அவனிடம் மட்டும், உன்னைக் கொல்லப்போகிறேன் என்று சொல்கிறது. அவன் அதை எரிக்கப் பார்க்கிறான், அறுக்கப் பார்க்கிறான். ஒன்றும் பலிக்கவில்லை. சிறுவயதில் நாங்கள் பயந்தது பாவைக்கு. தங்கை தன் பாவையை ஒரு மாதம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள். இப்போது பார்த்தால், அந்த வீட்டிற் பயங்கரம் பாவை வருவதற்கு முன்பே இருக்கிறது. அந்த மனிதன் கதவைத் திறந்து உள்ளே வரும்போது பிள்ளையின் முகம் மாறுவதைப் பாருங்கள். பிள்ளையாற் சொல்லமுடியாததைப் பாவை சொல்கிறது.

இப்படி ஒவ்வொரு கதையிலும் பயம் இடம் மாறி நின்றது. யன்னலுக்கு வெளியே இருந்தது வீட்டுக்குள் வந்துவிட்டது. இதற்குக் காரணம் என்னுடைய வயது மட்டும்தானா என்று யோசித்தேன். சேர்லிங்கின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டபோது வேறொரு காரணமும் புலப்பட்டது.

சேர்லிங் 1924இற் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்திற் பரசூட் படையில் சேர்ந்து பிலிப்பைன்ஸின் லெய்ற்றே தீவிற் போரிட்டார். திரும்பி வந்து வானொலிக்கும் பின்னர் தொலைக்காட்சிக்கும் எழுதினார். பரிசுகளும் பெற்றார். 1955 ஓகஸ்ற்றில் மிசிசிப்பி மாநிலத்தில் எமெற் ரில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான். குற்றஞ்சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் முற்றிலும் வெள்ளையர்களைக் கொண்ட யூரிகள் சபை விடுதலை செய்தது. அதை வைத்து ஒரு நாடகம் எழுத சேர்லிங் முனைந்தார். 1956இல் அது ஒளிபரப்பானபோது, விளம்பரதாரரின் வற்புறுத்தலால் அடையாளமே தெரியாமல் மாறியிருந்தது. ஊர், தெற்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றப்பட்டது. கொல்லப்பட்டவன் எந்த நாட்டவன் என்று சொல்லப்படாத ஒரு வெளிநாட்டான் ஆனான். தென்மாநிலத்தை நினைவூட்டும் என்று கொக்கா கோலாப் போத்தல்கூட மேடையில் இருக்கக்கூடாதென்றார்கள். 1958இல் மீண்டும் முயன்றார். அந்தக் கதையையும் கடந்த நூற்றாண்டுக்குத் தள்ளி, கொல்லப்படுகிறவனை மெக்சிக்கனாக மாற்றவேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு அவர் 'அந்தி வலய'த்தை ஆரம்பித்தார். ஓர் அமெரிக்கன் சொல்லக்கூடாத விடயத்தை ஒரு செவ்வாய்க்கிரகவாசி சொன்னால் விளம்பரதாரர் கவலைப்படமாட்டார் என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். நேரடியாகச் சொல்லமுடியாத காலத்தில் நரியையும் காகத்தையும் பேசவைத்த மரபு நமக்கும் புதிதல்ல. ஆகவே, பேய்க்குப் பின்னால் மனிதன் நிற்பது நான் வயதான பின் கற்பித்துக்கொண்ட பொருளன்று. சேர்லிங் அவனை அங்கே நிறுத்திவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இதற்கு மிகச் சிறந்த உதாரணம் 1960 மார்ச் 4ஆம் திகதி ஒளிபரப்பான மேப்பிள் வீதிக் கதை. ஒரு மாலை நேரம். அமைதியான வீதி. தலைக்கு மேலாக ஓர் ஒளி மின்னிப் போகிறது. உடனே மின்சாரம், தொலைபேசி, கார்கள் யாவும் நின்றுவிடுகின்றன. அயலவர் வீதியிற் கூடுகிறார்கள். கதைப் புத்தகம் வாசிக்கும் ஒரு சிறுவன், வேற்றுக்கிரகவாசிகள் வருமுன் மனிதரைப் போன்ற ஒரு குடும்பத்தை முன்கூட்டி அனுப்பிவைப்பார்கள் என்று சொல்கிறான். முதலிற் சிரிக்கிறார்கள். பிறகு ஒருவருடைய கார் தானாக இயங்குகிறது. அவர் நித்திரை வராமல் இரவில் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்ப்பவர் என்பது நினைவுக்கு வருகிறது. இன்னொருவர் வீட்டு நிலவறையில் ஒரு வானொலிக் கருவி இருக்கிறதாம். இருளில் யாரோ நடந்து வருகிறார்கள். ஒருவன் சுடுகிறான். செத்து விழுந்தவர், அடுத்த வீதியிற் செய்தி அறிந்துவரப் போன அயல்வீட்டுக்காரர். சுட்டவன் மீது சந்தேகம் திரும்புகிறது. அவன் சிறுவனைச் சுட்டிக்காட்டுகிறான். கல்லெறி தொடங்குகிறது. தொலைவில் ஒரு மேட்டில் நின்று இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே செய்வதற்கு வேலை எதுவும் இல்லை.

1982இல் அந்த இருவருக்காகத்தான் நான் பயந்தேன். அடுத்த ஆண்டு நடந்தவற்றை நேயர்கள் அறிவார்கள். அதில் ஒரு நாளை மட்டும் குறிப்பிடுகிறேன். 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை. புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி நகரெங்கும் பரவியது. எவரும் வரவில்லை. வதந்தியோடு கொலையும் தீவைப்பும் மீண்டும் தொடங்கின. அன்று எங்கள் குடும்பம் எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு சிங்களக் குடும்பத்தாரின் பின்னறையில் இருந்தது. வீட்டு அம்மா வாசலிற் கதிரை போட்டு இருந்தார். வந்தவர்களோடு அவர் வாதாடவில்லை. உள்ளே எங்கள் ஆட்கள்தான் இருக்கிறார்கள் என்று சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். அவர் சொன்னது பொய்யா என்று அம்மா பின்னாளிற் பலமுறை கேட்டதுண்டு. பொய்யில்லை என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார்.

இந்த இடத்தில் எனக்குச் சேர்லிங்கோடு ஒரு சிறு பிணக்கு உண்டு. மேப்பிள் வீதியில் நியாயம் பேசுகிற ஒருவர் இருக்கிறார். கூட்டத்தின் நடுவே நின்று, யோசியுங்கள், யோசியுங்கள் என்கிறார். அவருடைய பேச்சு எடுபடவில்லை. சந்தேகம் அவர்மீதும் விழுகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால், அந்த வீதியில் ஒரு வீட்டுக் கதவுகூட இன்னொருவருக்காகத் திறக்கவில்லை. குற்றஞ்சாட்டுவதற்காக எழுதிய நாடகம் அது. அரைமணி நேரத்துக்குள் வேறெதற்கும் இடமில்லை என்று சமாதானம் சொல்லலாம். என்றாலும், கூட்டத்தை எவராலும் திருத்தமுடியாமற் போன நாளிற்கூட ஒரு வாசலில் ஒருவர் கதிரை போட்டு இருக்கமுடியும் என்பதைக் கண்டவன் என்ற வகையில், அந்தக் கதை முழுமையானதென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடைசியாக, சிறுவயதில் எங்களுக்குப் பிடிக்காமல் வேகமாக ஓட்டிவிட்ட ஒரு கதை. அதிற் பேய் இல்லை என்பதே எங்கள் முறைப்பாடு. 1959 ஒக்டோபர் 30ஆம் திகதி வந்த அந்தக் கதையில், முப்பத்தாறு வயதான விளம்பர நிறுவன அதிகாரி ஒருவன் தன் பிறந்த ஊருக்கு நடந்தே போகிறான். போய்ச் சேர்வது அவனுடைய சிறுவயதுக் காலத்துக்கு. செத்துப்போன தாய் தகப்பன் அங்கே உயிரோடு இருக்கிறார்கள். குடைராட்டினத்தில் ஒரு பையன், அது அவனேதான். அவன் கூப்பிட்டுத் துரத்த, பையன் பயந்து விழுந்து காலை உடைத்துக்கொள்கிறான். பெரியவன் நொண்டுகிறான். தகப்பன் அவனை அடையாளம் கண்டு, இந்தக் கோடைகாலம் அந்தப் பையனுக்குரியது, நீ போய்விடு என்று ஆதரவாகச் சொல்லி அனுப்புகிறார்.

சேர்லிங் வளர்ந்த பிங்ஹம்ரன் நகரப் பூங்காவில் அப்படியொரு குடைராட்டினம் உண்டு. அவர் படையில் இருந்தபோது 1945இல் தகப்பனார் காலமானார். மரணச் சடங்குக்கு அவரால் வரமுடியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது, தகப்பனும் மகனும் பேசும் அந்த நிமிடங்கள் மிகவும் கனக்கின்றன. சேர்லிங் 1975இல் தமது ஐம்பதாவது வயதில், இருதய சத்திரசிகிச்சையின் பின் இறந்தார். அந்த வயதை நான் தாண்டிவிட்டேன்.

தொடரிற் குறை இல்லாமல் இல்லை. சில கதைகள் பிரசங்கம் ஆகிவிடுகின்றன. பெண் பாத்திரங்கள் பல, கதவருகே நின்று கவலைப்படுவதற்காகவே படைக்கப்பட்டவை. ஆனாலும் சிறந்த இருபது முப்பது கதைகள் எந்த நல்ல சிறுகதைத் தொகுப்போடும் வைத்து எண்ணத்தக்கவை.

பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காட்டலாம். உட்பொருள் எதையும் விளக்கவேண்டாம். அந்த வயதுக்கு இறக்கையில் நிற்கும் உருவம் போதும். மற்றப் பயம் காலம் வரும்போது தானாக விளங்கும். அது விளங்குவதற்கு முன், ஒரு வாசலிற் கதிரை போட்டு இருந்த அம்மாவின் கதையையும் யாராவது அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தால் நல்லது.