புகாரை விசாரிப்பவர் யார்?

காவல் நிலையத்தில் அடிபட்டவர் யாரிடம் போய் முறையிடுவது? மறுபடியும் காவல் துறையிடமேதான் என்பது நெடுநாள் வழக்கம். இதை மாற்றக் கேட்டு 1996-இல் உச்ச நீதிமன்றம் போனவர் யார் தெரியுமா? உத்தரப் பிரதேசக் காவல் துறைக்கே தலைவராக இருந்த பிரகாஷ் சிங்!

2006 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் காவல் புகார் ஆணையம் அமைக்க வேண்டும். டி.எஸ்.பி. வரை உள்ளவர்கள் மீதான புகார் மாவட்ட ஆணையத்துக்கு, எஸ்.பி.யும் அதற்கு மேலும் என்றால் மாநில ஆணையத்துக்கு. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பொதுமக்கள் தரப்பிலிருந்தும் உறுப்பினர்களைச் சேர்க்கலாம். ஆணையத்தின் பரிந்துரையைத் தட்டிக்கழிக்க முடியாது. எவ்வளவு தெளிவான ஏற்பாடு, பாருங்கள்!

தமிழ்நாடு 2013-இல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், மாவட்டத்துக்குக் கலெக்டர். பக்கத்தில் உட்காருபவர்கள் டி.ஜி.பி.யும் எஸ்.பி.யும். நீதிபதியும் இல்லை, பொதுமக்களும் இல்லை. உச்ச நீதிமன்றம் கேட்டது இதுவல்ல. நேர்மையாக வேலை செய்யும் போலீஸ்காரருக்கும் இதனால் நன்மை இல்லை. அவர் குற்றமற்றவர் என்று வந்தாலும் ஊர் நம்பாது.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: அந்த நாற்காலியில் நீதிபதி எப்போது உட்காருவார்?