பழனிக்கு நடக்கும் முன் பாதத்தைப் பாருங்கள்

(மங்கலம் பகுதிக் கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



தைப்பூசம் நெருங்குகிறது. நம் குழுக்களில் பாதிப் பேர் மாலை போட்டாச்சு. மங்கலத்தில் இருந்து பல்லடம், தாராபுரம் வழியாகப் பழனிக்கு எண்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பனியன் கம்பெனியில் செக்கிங், கைமடி வேலை என்று பகலெல்லாம் நின்ற கால்தான் அதையும் நடக்க வேண்டும்.

போன வருஷம் நம் உறுப்பினர் ஒருவர் வேண்டுதலுக்காக வெறுங்காலில் நடந்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதத்தில் கொப்புளம் வந்து உடைந்ததே அவருக்குத் தெரியவில்லை. பழனியில் மண்டபத்தில் உட்கார்ந்தபோது பக்கத்தில் இருந்த அக்காதான் ரத்தத்தைப் பார்த்துச் சொன்னாராம். புண் ஆற இரண்டு மாதம். பீஸ் ரேட் வேலை, போகாவிட்டால் கூலி இல்லை. குழுக்கடன் தவணையைக் குழுவே சேர்ந்து கட்டியது. கட்டியது பெரிசில்லைங்க, அந்தக் கால் தப்பித்ததே பெரிசு.

சர்க்கரை இருந்தால் நாளடைவில் பாதத்தின் நரம்பு உணர்ச்சி குறையும். கல் குத்தினாலும் தெரியாது, தார் ரோடு சுட்டாலும் தெரியாது. அதனால் சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நடக்கவே வேண்டாம். வேண்டுதலை எப்படி மாற்றுவது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். காணிக்கையாகவோ அன்னதானமாகவோ மாற்றிக்கொண்டவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாதவர்கள் கிளம்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்துவிடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், நடக்கும் நாட்களுக்கும் மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் செருப்புப் போடுவதானால் புதுசு வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். ஒரு மாதமாவது போட்டுப் பழகியதாக இருக்கட்டும். ரப்பர் செருப்பின் வார் விரல் இடுக்கை அறுத்துவிடும். பின்பக்கம் பட்டை வைத்த செருப்போ கேன்வாஸ் ஷூவோ நல்லது. சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். நடக்கும்போதும் அப்படித்தான் வீங்கும்.

சாக்ஸ் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம், துணியோடு பிழைக்கிறவர்கள் நாம். காட்டன் வேர்வையைக் குடித்து ஈரமாகவே இருக்கும். ஈரத் தோல்தான் சீக்கிரம் உரியும். பாலியஸ்டர் கலந்தது சீக்கிரம் காயும். எதுவானாலும் இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள். கிளம்பும் முன் விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவினால் உராய்வு குறையும்.

நடக்கும்போது ஓரிடத்தில் லேசாக எரிகிறதா, அங்கேயே நின்றுவிடுங்கள். "கூட்டம் போயிரும், அடுத்த டீக்கடையில பாத்துக்கலாம்" என்று நினைப்பதில்தான் கொப்புளம் வருகிறது. அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிவிட்டு நடங்கள். கொப்புளம் வந்துவிட்டால் ஊசியால் குத்த வேண்டாம். தானாக உடைந்தால் மேல்தோலை உரிக்காமல், சுத்தமான தண்ணீரில் கழுவிக் கட்டுப் போடுங்கள். சுண்ணாம்பு, டீத்தூள், பேஸ்ட் எதுவும் வேண்டாம். முள்ளோ ஆணியோ குத்தினால் தடுப்பூசி கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். காலைச் சுற்றிச் சிவந்து மேலே ஏறினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிதான். 108-ஐக் கூப்பிடக் கூச்சப்படாதீர்கள்.

விடிகாலையும் சாயங்காலமும் நடங்கள், உச்சி வெயிலில் தார் ரோடு வேண்டாம். தங்கும் இடத்தில் துணிப்பையைக் காலுக்குக் கீழே வைத்து உயர்த்திப் படுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் சுடுதண்ணீரில் கால் வைக்கக் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். ராத்திரி ஒருவர் பாதத்தை ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கால் காட்டுவதில் என்னங்க வெட்கம்?

அடுத்த வாரக் கூட்டத்துக்கு எல்லோரும் நடக்கப் போகிற செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள். ஒவ்வொருவருடையதையும் பார்த்துவிடுவோம்.