கொடி மாறினாலும் குற்றம் மாறாது

(ஜமாஅத் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

போர்க்காலத்தில் மக்கள் வாழும் நகரங்களின் மீது குண்டு வீசுவது அறமாகுமா என்னும் பொருளில் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளேன். நெல்லும் வாழையும் விளையும் தாமிரபரணிக் கரையில் அமர்ந்துகொண்டு இதைப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். நம் ஆற்றுப்படுகை அத்தகைய அழிவைக் கண்டதில்லை. ஆனால் நம் மக்கள் கண்டிருக்கிறார்கள்.

பழைய நெல்லைச் சீமையின் தென்காசி, கடையநல்லூர் ஆகிய ஊர்களிலிருந்து, தறித்தொழில் நலிந்த காலங்களில், முஸ்லிம் குடும்பங்கள் பல பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறின. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் கடையநல்லூர் மக்கள் ஒரு தெருவினர் போலவே வாழ்ந்தனர். 1941 டிசம்பர் 8ஆம் நாள் விடியற்காலை அந்நகரின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. தெரு விளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. அன்று இறந்தவர்கள் 61 பேர். மூன்று நாள் கழித்து, டிசம்பர் 11 அன்று, பினாங்கின் ஜார்ஜ் டவுன் தாக்கப்பட்டது. பறந்து வருபவை ஆங்கிலேய விமானங்கள் என்று எண்ணித் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த மக்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். டிசம்பர் 23இல் ரங்கூன். 1931 கணக்கெடுப்பின்படி அந்நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். அந்நாட்டிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். பெரும்பாலோர் கால்நடையாக வந்தவர்கள். காட்டு வழியில் பல்லாயிரவர் உயிர் நீத்தனர்.

பினாங்கில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை நீங்கள் அறிய வேண்டும். அந்த டிசம்பர் நடுவில் ஆங்கிலேய அதிகாரிகள் ஐரோப்பியர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவை விட்டு அகன்றனர். ஏனைய மக்கள் கைவிடப்பட்டனர். அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலேயக் கொடியைத் தாமே இறக்கினார். இங்கே படை இல்லை, குண்டு வீச வேண்டாம் என்று வானொலி வழியாக ஜப்பானியருக்குச் செய்தி அனுப்பச் செய்தார். காவலற்ற நகரங்களை எவ்வழியாலும் தாக்கலாகாது என்பது 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் கண்ட விதி. ஆயுதமில்லாத ஒரு பத்திரிகையாளரின் கையில் அந்நேரத்தில் எஞ்சியிருந்தது அந்த விதி ஒன்றே.

கதை அத்துடன் முடியவில்லை. 1944 நவம்பர் முதல் சிங்கப்பூரின் மீதும், 1945 தொடக்கத்தில் பினாங்கின் மீதும் அமெரிக்க விமானங்கள் குண்டு வீசின. கப்பல் துறையும் கிடங்குகளும் இலக்கு எனப்பட்டன. அவற்றை ஒட்டியே உழைக்கும் மக்கள் குடியிருந்தனர். முதலில் வீசியவன் ஒருவன், பின்னர் வீசியவன் அவனுடைய பகைவன். அடிபட்டது ஒரே ஊர்.

அன்பிற்குரியவர்களே! இதற்கு நியாயம் கூறுவோர் மூன்று வாதங்களை முன்வைப்பர். அவற்றை எளிதில் தள்ளிவிடாமல் எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலாவது வாதம், "மக்களைக் கொல்வது எங்கள் நோக்கமன்று, இலக்கு வேறு" என்பது. இக்கேள்வி நம் மார்க்க அறிஞர்களுக்குப் புதிதன்று. முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டிற்குப் படையனுப்பியபோது, பெண்களையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிமரங்களை வெட்டலாகாது, மடங்களில் ஒதுங்கி வழிபடுவோரை விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டார்கள். இது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ளது. எனினும் தாயிஃப் முற்றுகையில் மின்ஜனீக் என்னும் கல்லெறிபொறி நிறுத்தப்பட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. எறிந்த கல் யார் மீது விழும் என்பதை எறிந்தவன் அறியான். ஆகவே சட்ட அறிஞர்கள் நோக்கத்தையும் தேவையையும் குறித்து நெடுங்காலம் விவாதித்தனர். கோட்டைச் சுவரின் மீது எறியும் கல்லைக் குறித்தே அவ்வளவு தயங்கினார்கள் என்றால், ஓர் இரவில் ஒரு நகரையே எரிக்கும் குண்டைக் குறித்து நாம் எவ்வளவு தயங்க வேண்டும்! 1945 மார்ச் 9, 10 இரவில் டோக்கியோவில் மடிந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். மர வீடுகள் நெருங்கிய குடியிருப்பின் மீது தீக்குண்டுகளைக் கொட்டிவிட்டு, மக்கள் சாவது நோக்கமன்று என்று எவரும் கூற முடியாது.

இரண்டாவது வாதம், "முன்னரே எச்சரித்தோம்" என்பது. அந்த ஆண்டில் ஜப்பானிய நகரங்களின் மீது எச்சரிக்கைத் துண்டறிக்கைகள் வீசப்பட்டது உண்மை. நம் பாண்டிய நாட்டிலும் இவ்வழக்கம் பாடப்பட்டுள்ளது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் 9ஆம் பாடலில், அம்பு விடுமுன் பெண்டிரும் பிணியாளரும் பிறரும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவிக்கும் அறம் போற்றப்படுகிறது. இதை நாம் பெருமையுடன் மேடைகளில் கூறுகிறோம். ஆனால் அதே புலவர் அதே மன்னனைப் பாடிய 15ஆம் பாடலில், பகைவர் நகரத்துத் தெருக்களைக் கழுதை பூட்டி உழுது பாழாக்கிய செயலும் புகழப்படுகிறது. எச்சரிக்கை நன்று, அது அழிவுக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. பிணியாளன் எங்கே செல்வான்? பிள்ளைபெற்ற தாய் எத்தனை தொலைவு நடப்பாள்?

மூன்றாவது வாதம், "அவர்கள்தாம் முதலில் தொடங்கினார்கள்" என்பது. இதுவே மிகவும் ஆபத்தானது. நம் நெஞ்சிற்கு மிகவும் இனிப்பதும் இதுவே. ஜெர்மானியர் 1940இல் கவென்ட்ரியைத் தாக்கினர் என்று கூறி ஹாம்பர்க் எரிக்கப்பட்டது. அந்நாளில் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் 1944 பிப்ரவரி 9 அன்று எழுந்து, தம் நாட்டின் குண்டுவீச்சையே கண்டித்தார் ஆயர் ஜார்ஜ் பெல். பகைவனின் குற்றத்தைக் கண்டிக்க எவராலும் இயலும். அவர் தம்மவரின் குற்றத்தைக் கண்டித்தார்.

இந்த அளவுகோலை நம் அருகிலும் வைத்துப் பார்ப்போம். 1995 ஜூலை 9 அன்று யாழ்ப்பாணத்து நவாலியில் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தோர் மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1996 ஜனவரி 31 அன்று கொழும்பு மத்திய வங்கியில் புலிகள் லாரி குண்டை வெடித்ததில் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். ஒன்றுக்கு அழுது மற்றொன்றுக்கு மௌனம் காத்தால் அது அறமன்று, கட்சி. கோவையில் நடந்தது போரன்று. ஆயினும் வாதம் அதுவே. 1997இன் இறுதியில் அங்கே முஸ்லிம்கள் 18 பேர் கொல்லப்பட்டனர். அதற்குப் பழி என்ற பெயரில் 1998 பிப்ரவரி 14இல் வைக்கப்பட்ட குண்டுகளுக்கு 58 பேர் பலியாயினர். அந்த 58 பேரில் எவர் நம் 18 பேரைக் கொன்றவர்? கடைவீதிக்கும் மருத்துவமனைக்கும் வந்தவர்கள் அவர்கள். இதைச் சொல்லத் தயங்கும் நாவு, 2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் இடிபாடுகளுக்கிடையே எடுக்கப்பட்ட குழந்தைகளுக்காகப் பேசும்போது வலிமை பெறாது.

1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறை, ஒரு நகரத்துள் தனித்தனியே உள்ள இராணுவ இலக்குகளை ஒன்றாகக் கொண்டு முழு நகரையும் தாக்குவதைத் தடை செய்கிறது. நம் இந்தியா அதில் இன்னும் இணையவில்லை. இணைய வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது குடிமக்களாகிய நம் உரிமை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன் குண்டுவீச்சில் உறவினரை இழந்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கக்கூடும். நேரில் கண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டனர். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். மதரஸா மாணவர்கள் வீடு வீடாகச் சென்று அவ்வரலாற்றைக் கேட்டு எழுதட்டும்; ஜமாஅத் அதை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடட்டும். இறந்தவர்களுக்காகக் கையேந்தும் வேளையில், நாம் விரும்பாத நாட்டின் நகரங்களில் குண்டுக்கு இரையானவர்களையும் அந்தத் துஆவில் சேர்த்துக்கொள்வோமாக. வஸ்ஸலாம்.